சார்ஜர் சூடா மாத்தி

கருவாடு தொங்கும் இடத்துக்குக் கீழே பேட்டரி சார்ஜரை மாட்டாதீர்கள். படகு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய புத்திமதிகளில் இது ஒன்றைத்தான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் சார்ஜரோடு வரும் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை நீங்கள் யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் கோபம் இன்னும் ஓய்வு பெறவில்லை. போன வாரம் உங்களில் ஒருவர் வந்து, "அங்கிள், கஸ்டமர் சார்ஜர் புதுசுன்னு சொன்னாரு, அதான் அதைக் கழட்டிப் பார்க்கல," என்றார். பேரைச் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். அன்றைக்கு அவரை நன்றாகத் திட்டிவிட்டேன். திட்டியதற்குப் பதில் பாக் மான் என்ற மலாய்ப் படகுக்காரர் வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. ஆகவே இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். உட்காருங்கள், போனை மடக்கி வையுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கோலா சிலாங்கூரில் ஆற்றோரமாக இருந்த ஒரு பேட்டரிக் கடையில் எனக்கு வேலை. தோட்டத்து லோரிப் பட்டறையில் கை பழகியவன் நான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, லோரியிலிருந்து படகுக்கு மாறியிருந்தேன். கடை முதலாளி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். அவருடைய மனைவியின் தம்பி சாகுல் பாய் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர். ஆனால் மலாய் மொழியைப் பற்றி அவருக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

"மலாயில பாதி நம்ம பேச்சுதான் தம்பி," என்பார். "கடைய கெடைங்கிறான். கட்டில காத்தில்ங்கிறான். கப்பல் அங்கயும் கப்பல்தான். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாப் போதும், எல்லாம் விளங்கிடும்."

இப்படிக் காது கொடுத்தே அவர் ஒருநாள் காலையில் ஒரு போனை எடுத்தார். முதலாளி சரக்கு வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்தார். நான் பின்கட்டில் இருந்தேன். போனை வைத்துவிட்டுச் சாகுல் பாய் என்னிடம் வந்தார்.

"தம்பி தனபாலு, படகு கட்டுற ஜெட்டியிலேர்ந்து பாக் மான் போன் பண்ணாரு. படகுல சார்ஜர் சூடாயிடுச்சாம், மாத்திட்டாங்களாம். பேட்டரியும் சூடாயிடுச்சாம், அதையும் மாத்திட்டாங்களாம். உடனே ஆளு வரணுமாம்."

"ரெண்டையும் மாத்தியாச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு பாய்?"

"அது எனக்கென்ன தெரியும்? பாவம், ரொம்பப் பதட்டமாப் பேசுறாரு. போய்ப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாக் மான் எங்கள் வாடிக்கையாளர். அவர் எங்களைக் கேட்காமல் வேறு யாரிடமோ சார்ஜரும் பேட்டரியும் வாங்கி மாட்டியிருக்கிறார், அது ஓடவில்லை என்றதும் எங்களைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கையில் மீட்டர், கொஞ்சம் வயர், நாலு ஃபியூஸ், அவ்வளவுதான். புதுச் சார்ஜரும் புதுப் பேட்டரியும் இருக்கும்போது வேறு என்ன பழுது இருக்கப்போகிறது? வயரில்தான் இருக்கும். இப்படி முடிவு செய்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை மிதித்தேன். ஜெட்டிக்குப் போவதற்கு முன்பே பழுதைக் கண்டுபிடித்துவிட்ட பெரிய ஆள் நான்.

அங்கே பாக் மான் படகுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பால்மாவு டின்னால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய மரப்படகு அது. அடியில் எப்போதும் தண்ணீர் கசியும். தண்ணீரை இறைக்கும் பம்புக்குப் பேட்டரி வேண்டும், என்ஜினைக் கிளப்பவும் பேட்டரி வேண்டும். என்ஜினோடு வந்த டைனமோ உயிரை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஜெட்டியில் கட்டியிருக்கும்போது மீன் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்து, சார்ஜர் மூலம் பேட்டரிக்குத் தீனி போட்டுத்தான் அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சார்ஜர் நின்றால் பேட்டரி நிற்கும், பேட்டரி நின்றால் படகு நிற்கும். நிற்கும் என்றால் ஆற்றின் அடியில் போய் நிற்கும்.

அன்றைக்கு இன்னொன்றும் நிற்க இருந்தது. மறுநாள் அவர் மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு வடக்கே பாகான் நக்கோடா ஓமாரில். ரோடு வழியாக பஸ்ஸில் போனால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம். ஆனால் பெண்ணின் அப்பா ஒரு ஹாஜி. அவரும் படகுக்காரர். நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் முன்னால், "மான், பஸ்ஸிலேயே வந்துடு. உன் படகு வழியில செகிஞ்சான் தாண்டறதுக்குள்ளயே செத்துடும்," என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். பாக் மானும் அதே நாலு பேர் முன்னால், மாப்பிள்ளை ஊர்வலம் என் படகில்தான் வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். காலையில் நீர் ஏறியிருக்கும்போது கிளம்பினால்தான் உண்டு. தாமதித்தால் பாகான் வாய்க்கால் வற்றிச் சேறாகிவிடும். மாப்பிள்ளை சேற்றில் உட்கார்ந்துகொண்டு பெண் வீட்டுக் கூரையைத் தூரத்திலிருந்து பார்க்கவேண்டியதுதான்.

பாக் மானோடு நான் பேசியதெல்லாம் மலாயில். தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

சார்ஜரைக் காட்டச் சொன்னேன். கீழ் அறையில், மூலையில் ஒரு இரும்புப் பெட்டி. என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி உப்புப் பூத்திருந்தது. இதையா புதுசு என்று விற்றிருக்கிறார்கள்? எனக்கு ரத்தம் கொதித்தது, அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. எங்களை விட்டுவிட்டுப் போனவருக்கு இது வேண்டும்.

"இதுவா புதுசு?" என்றேன்.

"புதுசுன்னு சொல்லித்தான் டோலா கொடுத்தான்."

டோலா என்பவர் பாக் மானின் மைத்துனர், மனைவியின் தம்பி. மேலே ஜெட்டியில் உட்கார்ந்து ஊர்வலத்துக்குக் காகிதப்பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டோலாவா வாங்கினாரு?"

"அவன்தான் கிள்ளான்ல வாங்கி, அவனே மாட்டியும் கொடுத்தான்."

"பாக் மான், உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. இது பத்து வருஷத்துப் பழசு."

சொல்லியிருக்கக் கூடாது என்று வாயை மூடுவதற்குள் டின் பறந்தது. பாக் மான் ஏணியில் ஏறினார். மேலே பெரும் சத்தம். எனக்கே பழைய சரக்கைக் கட்டினாயா, அது கல்யாணத்துக்கு முதல்நாள் கழுத்தறுக்கிறதே என்று இவர். யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்று அவர். கடைசியில் டோலாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா உசிரோட இருந்தப்ப நான் ஆசையா வாங்கிக் கொடுத்தது. அதையா பழசுங்கிற? நாளைக்கு நீயே பேசிக்க, நான் வரல!"

காகிதப்பூக்கள் ஆற்றில் மிதந்தன. டோலா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதில் இன்னொரு சிக்கல், பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்காகப் பந்துன் பாட்டும் பேச்சுமாகப் பேசவேண்டியவர் டோலாதான். பாக் மானுக்குக் கடலில் பேச வரும், சபையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது படகுக்கும் உயிர் இல்லை, ஊர்வலத்துக்கும் வாய் இல்லை.

நான் ஏணியடியில் அப்படியே நின்றேன். 'அக்கா உசிரோட இருந்தப்ப' என்ற பேச்சு எனக்குள் போய் எங்கேயோ இடித்தது. பாக் மானின் மனைவி இறந்து சில வருடங்களாகியிருந்தன. அவர் இருந்தபோது வாங்கிய சார்ஜர் எப்படி இந்த வாரம் மாற்றிய சார்ஜராக இருக்கும்?

அப்போதுதான், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் செய்திருக்கவேண்டிய காரியத்தைச் செய்தேன். குனிந்து அந்தப் பெட்டியின் திருகாணிகளைப் பார்த்தேன். நாலும் துருப்பிடித்துப் பலகையோடு பலகையாகியிருந்தன. திருப்புளி பட்ட தடமே இல்லை. யாரும் இதைத் தொட்டே பல காலம் ஆகிறது. பேட்டரியின் முனைகளும் அப்படியே. மீட்டரை வைத்தேன். சார்ஜரிலிருந்து ஒன்றும் வரவில்லை. சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

பாக் மான் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"பாக் மான், கோபப்படாம சொல்லுங்க. இதை எப்ப மாத்தினீங்க?"

"யார் மாத்தினா? போன்ல உங்க ஆளுகிட்ட தெளிவாத்தானே சொன்னேன்?" என்றவர் விரலை மடக்கி மலாயில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சார்ஜர் சூடா மாத்தி. பேட்டரி பூன் சூடா மாத்தி!"

எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மலாயில் 'சூடா' என்றால் ஆகிவிட்டது. 'மாத்தி' என்றால் செத்துப்போவது. விளக்கோ என்ஜினோ எது நின்றாலும் அது மாத்திதான். மனிதர் சார்ஜர் செத்துவிட்டது, பேட்டரியும் செத்துவிட்டது என்று அலறியிருக்கிறார். எங்கள் சாகுல் பாய் காது கொடுத்துக் கேட்டு, சூடாயிடுச்சாம், மாத்திட்டாங்களாம் என்று அழகான தமிழில் என் கையில் கொடுத்திருக்கிறார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாக் மான் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்து பறக்கப்போவது டின் அல்ல, நான்தான் என்று தெரிந்தது. அவசரமாக விளக்கினேன். எங்கள் மொழியில் மாத்தி என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பது. வேலை முடிந்துவிட்டால் 'மாத்தியாச்சு' என்போம். அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "மாத்தி ஆச்சு?" பிறகு படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க ஊர்ல செத்தவனெல்லாம் புதுசாயிடுவானா லா?"

சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் பயம் வந்தது. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி காலையில் என்ஜினைத் திருப்பவேண்டுமானால் இப்போதே தீனி வைக்கவேண்டும். என்னிடம் இருந்ததோ நாலு ஃபியூஸ்.

மீன் கொட்டகைப் போனில் கடையைக் கூப்பிட்டேன். எடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். நடந்ததைச் சொன்னேன். "யா அல்லா" என்றார். கடையில் ஒரே ஒரு படகுச் சார்ஜர் இருந்தது. முதலாளி அதைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

"அதையே எடுத்துட்டு வரேன்," என்றார் சாகுல் பாய். "மச்சான் கேட்டா நான் பாத்துக்கிறேன். அக்காகிட்டச் சொல்லிடுவேன்."

"சரி பாய். இப்ப நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் அது. போனில் சேதி சொன்னால் திருப்பிச் சொல்ல வைப்பேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒன்று சொல்லி, அது ஆள் மேய்க்கும் மண்டோர் வாய் வழியாக லயத்துக்கு வரும்போது வேறொன்றாக இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கே புத்தி வர ஒரு படகு மூழ்க இருந்தது.

சாகுல் பாய் ஐஸ் லோரியில் தொற்றிக்கொண்டு, சார்ஜரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பாக் மான் அவசரப்படுத்தினார். பழையதைக் கழற்று, அதே இடத்தில் புதுசை மாட்டு, நாலு திருகாணிதானே என்றார். இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் தப்பு செய்கிறீர்கள். செத்தது எப்படிச் செத்தது என்று தெரியாமல் அதே நாற்காலியில் அடுத்த ஆளை உட்கார வைத்தால், அவனும் போய்ச் சேருவான். நேரமில்லாத நேரத்தில்தான் இதற்கு நேரம் ஒதுக்கவேண்டும். மாட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பழைய பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே சுருளெல்லாம் உப்பு. அதன்மேல் மீன் செதில்கள் பளபளத்தன. மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். பெட்டிக்கு நேர் மேலே ஒரு கயிறு. கயிற்றில் வரிசையாக உப்பு போட்ட மீன்கள் தொங்கி, பெட்டியின் காற்றுத் துளைக்குள் சொட்டுச் சொட்டாக உப்புநீரை விட்டுக்கொண்டிருந்தன.

"என்ன பாக் மான் இது?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "அந்தப் பெட்டி சூடா இருக்கும் லா. மழைக் காலத்துலயும் மீன் நல்லாக் காயும்."

அவர் மலாயில் சொன்னதை நான் சாகுல் பாய்க்குத் தமிழில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? சூடான்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

புதுச் சார்ஜரை மேலே சுக்கான் அறையில், பலகை அடித்து, சுவரை ஒட்டி மாட்டினேன். அதற்கு மேல் ஆணி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் சார்ஜரின் முள் எழுந்து நின்றது. பேட்டரி சாகவில்லை, பட்டினிதான் கிடந்திருக்கிறது. பம்பு முனக ஆரம்பித்தது. பாக் மான் டின்னைக் கீழே வைத்தார்.

இன்னும் டோலா பாக்கி. உப்புப் பூத்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் கொடுத்தது புதுசுதான், நல்ல சரக்குதான், அதைக் கொன்றது மீன் என்றேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு செதிலைச் சுரண்டி எடுத்தார். "மீனை யார் தொங்கவிட்டது?" என்று மட்டும் கேட்டார். அவர் சைக்கிளை எடுத்தார்.

படகுக்கு வந்து கயிற்றையும் பாக் மானையும் மாறி மாறிப் பார்த்தார். பாக் மானுக்குச் சபையில்தான் நாக்கு ஒட்டும் என்று நினைத்திருந்தேன், மைத்துனர் முன்னாலும் ஒட்டிக்கொண்டது. அவர் கயிற்றிலிருந்ததிலேயே பெரிய குராவ் மீன் கருவாட்டைக் கழற்றி டோலாவின் கையில் கொடுத்தார். டோலா அதை முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் காஞ்சிருக்கு," என்றார். பிறகு பூக் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

காலையில் ஆறு நிரம்பி நின்றது. படகு முழுக்கப் பட்டும் காகிதப்பூவும் கொம்பாங் மேளமும். வழியில் ஏதாவது ஆனால் கூடவே இருக்கவேண்டும் என்று பாக் மான் என்னையும் சாகுல் பாயையும் ஏற்றிக்கொண்டார். முந்தைய நாள் சேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பெரியவர் சாகுல் பாயிடம் கவலையோடு சார்ஜரைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

சாகுல் பாய்க்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். 'சூடா' என்றால் ஆகிவிட்டது என்பது அவர் மனத்தில் பதிந்திருந்தது. மீதிப் பாதி பதியவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, படகே அதிரச் சொன்னார்:

"சார்ஜர் சூடா மாத்தி!"

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜெட்டிப் பக்கம் எழுந்துவிட்டார்கள். மேளக்காரர்கள் மேளத்தோடு குதித்தார்கள். ஒரு அம்மாள் வெற்றிலைத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மாப்பிள்ளைப் பையன் பாதி உள்ளே பாதி வெளியே. நான் "ஹிடுப்! ஹிடுப்!" என்று, உயிரோடு இருக்கிறது என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்? அதற்குள் பாக் மான் ஒன்றும் பேசாமல் சாவியைத் திருகினார். என்ஜின் ஒரே பிடியில் உறுமிக்கொண்டு எழுந்தது. ஏறியவர்கள் இறங்கினார்கள். சாகுல் பாய் மட்டும், "நல்ல சேதிதானே சொன்னேன், ஏன் இப்படி ஓடுறாங்க?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடல் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செகிஞ்சான் வருவதற்கு முன்பே மேளக்காரர்களில் பாதிப் பேர் பலகையோரம் தலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் குமட்டலில் முகம் வெளுத்துவிட்டது. படகு மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. செகிஞ்சானைத் தாண்டும்போது பாக் மான் திரும்பிப் பார்த்து, கரைக்கு ஒரு சலாம் வைத்தார்.

பாகான் வாய்க்காலில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது, ஆனால் இருந்தது. ஜெட்டியில் ஊரே கூடி நின்றது. முன்னால் ஹாஜி. நாங்கள் ஜெட்டியை நெருங்கியதும் பாக் மான் என்ஜினை அணைத்தார், படகு தன்பாட்டுக்கு மிதந்து போய் அணையட்டும் என்று. சத்தம் சட்டென்று நின்றது. ஹாஜியின் முகத்தில் சிரிப்பு பரவியது. ஊர் கேட்க உரக்கக் கேட்டார்:

"ஆமா மான், சூடா மாத்தி கா?" செத்துவிட்டதா என்று.

கூட்டம் சிரித்தது. பேசவேண்டிய டோலாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்கிற நிலையில் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாக் மான், சபையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பாக் மான், சுக்கான் அறையிலிருந்து வெளியே வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சாகுல் பாயின் தோளில் கை வைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே தமிழை எடுத்து, ஜெட்டி முழுக்கக் கேட்க விட்டார்:

"மாத்தியாச்சு லா!"

ஹாஜிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை கரையில் கால் வைத்துவிட்டான்.